கிளியை விட்டுவிட்டால்

சித்தூர்க் காவில் ஆண்டுதோறும் மாசி மாதம் கொங்கன் படை நடக்கும். மலையாளக் கணக்கில் கும்பம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டு மன்னன் படையோடு வருகிறான். அவன் அனுப்பிய போர் ஓலை ஊரறிய வாசிக்கப்படுகிறது. வெடி முழங்குகிறது, பந்தம் எரிகிறது. கடைசியில் பகவதியே களத்தில் இறங்கிக் கொங்கனை முடித்துவிடுகிறாள். செண்டை மேளம், வேடம் கட்டிய பிள்ளைகள், பலூன்காரர், பொரிகடலை என்று ஒரு திருவிழாவுக்கு வேண்டியதெல்லாம் உண்டு. போர் ஒன்றையே திருவிழாவாக்கி வைத்திருக்கும் ஊர் என்று சித்தூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். எங்களுக்கு அதில் ஒரே ஒரு சங்கடம். அந்தக் கொங்கன் நாங்கள்தான்.

எருத்தேன்பதி சித்தூர்த் தாலுகாவின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, அந்தப் பக்கம் வேலந்தாவளம், கொஞ்சம் தள்ளிக் கோபாலபுரம் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் பொள்ளாச்சி. கேரளம் என்றதும் வெளியூர்க்காரர் மனசில் எழும் பச்சையும் காயலும் இங்கே கிடையாது. மழை மறைவுப் பகுதி. நிலக்கடலையும் தென்னையும் ஆழியாற்றுத் தண்ணீர் வருமா என்ற பேச்சும்தான் எங்கள் பருவகாலங்கள். பெயர்ப் பலகையில் மலையாளமும் தமிழும் சேர்ந்தே இருக்கும். பிள்ளைகள் தமிழ் வழிப் பள்ளியில் படிப்பார்கள். ரேஷன் கடையில் மலையாளம், வீட்டில் கொங்குத் தமிழ். சித்தூர்த் தாலுகா ஒரு காலத்தில் கொச்சி ராஜ்யத்தின் தனித் துண்டாக, ஒட்டாமல் கிடந்த நிலம். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோது நாங்களும் அதற்குள் வந்தோம். கோடு எங்கே விழுந்தாலும் பொண்ணு கொடுப்பதும் எடுப்பதும் கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கம்தான் நடக்கிறது.

ஒரு வருஷம் அண்ணன் மகளைக் கொங்கன் படை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். ஓலை வாசிப்பு முடிந்து கூட்டம் ஆரவாரம் செய்தபோது அவளும் கைதட்டினாள். திடீரென்று நிறுத்திவிட்டு என் சட்டையை இழுத்தாள்.

"சித்தப்பா, கொங்கன்னா நாமதானுங்களே? அப்ப நாம எந்தப் பக்கமுங்க?"

"நாம வேடிக்கை பாக்கற பக்கம் சாமி" என்றேன். அப்போதைக்கு அது ஒரு பதில். அவள் திரும்பவும் கைதட்டவில்லை. எதிரில் விற்ற ஐஸ்கிரீமைக் காட்டி நான் தப்பித்துக்கொண்டேன்.

தெய்வத்தைச் சேர்ந்த வரலாற்றுக் கதையில் எதிரியாக வருகிறவனின் வாரிசு அந்தக் கதையை எப்படிப் பார்ப்பது? ரொம்ப நாளாக என் மனசில் இருக்கும் கேள்வி இது. இதற்கு எனக்கு ஓரளவு தெளிவு கொடுத்தது, நான் கொஞ்சமும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்த ஒரு பஞ்சாபிப் படம்.

எங்கள் பக்கத்துத் தேங்காயும் கொப்பரையும் வடக்கே போகின்றன. அதற்கு வரும் லாரிகளில் பஞ்சாப் வண்டிகளும் இருக்கும். 2017இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு வாளையார் சோதனைச் சாவடியில் மைல் கணக்கில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். தலைப்பாகை கட்டிய டிரைவர்கள் ரோட்டோரம் ஸ்டவ் பற்றவைத்துச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருப்பதை நாங்கள் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறோம். அவர்களோடு பேச எனக்கு வாய்த்தது சில வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பர்க் கடைசியில்தான். தெரிந்தவர் ஒருவரின் கொப்பரைக் களத்தில் ஒரு பஞ்சாப் லாரி நின்றது. சரக்குக் காயவில்லை என்று லோடு ஏறத் தாமதமாகிக்கொண்டிருந்தது. டிரைவர் ஐம்பதைத் தாண்டியவர். லோடு ஏற்றும் பையன்கள் 'சிங்கண்ணா' என்று கூப்பிட்டார்கள். லாரிக்குள் படுக்க மெத்தை இருந்தும் ராத்திரி அவர் களத்துச் சிமென்ட் தரையில் தார்ப்பாய் விரித்துப் படுத்தார். மார்கழிப் பனி. கணவாய்க் காற்று வேறு. எனக்கு மனசு கேட்கவில்லை, போய்க் கேட்டேன்.

கேரளத்துத் தமிழனுக்குப் பள்ளியிலேயே இந்தி கிடைத்துவிடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்வார்கள். அன்றைக்கு அந்த அரைகுறை இந்தி உதவியது. இந்த நாட்களில் எங்கள் பக்கம் வயசானவர்கள் கட்டிலில் படுக்க மாட்டார்கள் என்றார் அவர். கல்யாணம் வைக்க மாட்டார்கள், இனிப்புச் செய்ய மாட்டார்கள். குளிர்க் கோபுரத்தில் குழந்தைகள் வெறுந்தரையில் கிடந்த நாட்கள் என்றார். எந்தக் குழந்தைகள் என்று கேட்டேன். பதில் சொல்வதற்கு முன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தார். பக்கத்தில் பீடி இழுத்துக்கொண்டிருந்த பையனைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி கைகாட்டினார். அவன் புரிந்துகொண்டு எழுந்து போனான். பிறகு கொட்டாங்குச்சிக் குவியலில் செல்போனைச் சாய்த்து வைத்துப் படத்தைப் போட்டார். 'சார் சாஹிப்ஜாதே'. 2014 நவம்பரில், குரு நானக் ஜயந்தியை ஒட்டி வந்த படம். ஹாரி பவேஜா இயக்கியது. கதை சொல்லும் குரல் ஓம் புரியுடையது.

அது அனிமேஷன் படம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சீக்கிய குருமார்களாகவோ அவர்கள் குடும்பத்தாராகவோ ஒரு நடிகர் வேடம் கட்டுவதை அந்தச் சமயத்தார் ஏற்பதில்லை. இன்றைக்குப் புனிதர், நாளைக்கு வில்லன் என்று மாறுகிற முகத்தை எப்படி வணங்குவது என்பது அவர்கள் கேள்வி. 1708இல் குரு கோவிந்த் சிங் தமக்குப் பின் ஆள் யாரும் குரு இல்லை, கிரந்தமே குரு என்று சொல்லிவிட்டுப் போனவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே அவருடைய நான்கு பிள்ளைகளையும் கணினியில் வரைந்தார்கள். குரு வரும் இடங்களில் அந்த உருவம் அசைவதுகூட இல்லை. ஓவியம்போல் நிலையாக நிற்கிறது, கதை அதைச் சுற்றி நகர்கிறது.

கதை 1704 டிசம்பரில் நடக்கிறது. சிலர் 1705 என்பார்கள். அனந்த்பூர்க் கோட்டையைவிட்டு குரு வெளியேறுகிறார். சர்ஸா ஆற்றில் வெள்ளம், குடும்பம் திசைக்கொன்றாகப் பிரிகிறது. மூத்த பிள்ளைகள் அஜித் சிங்கும் ஜுஜார் சிங்கும் சம்கௌர்ச் சண்டையில் சாகிறார்கள். இளையவர்கள் ஜோராவர் சிங்கும் ஃபதே சிங்கும் பத்து வயசுகூட நிரம்பாத சிறுவர்கள். பாட்டி மாதா குஜ்ரியோடு போன அவர்களைக் காட்டிக்கொடுத்தது அந்த வீட்டிலேயே சமையல் வேலை பார்த்த கங்கு. சிர்ஹிந்து நவாப் வாசிர் கான் அவர்களைக் குளிர்க் கோபுரத்தில் அடைத்து, மதம் மாறச் சொல்லி, மறுத்ததும் உயிரோடு சுவர் வைத்து எழுப்பச் சொல்கிறான். அதே நாளில் பாட்டியும் இறந்துபோகிறார். சிர்ஹிந்துப் பக்கம் ஃபதேகட் சாஹிபில் இன்றும் டிசம்பர்க் கடைசியில் கூட்டம் கூட்டமாக வந்து தரையில் உட்கார்ந்து எளிய சாப்பாடு சாப்பிட்டுப் போகிறார்கள். 2022 முதல் மத்திய அரசும் டிசம்பர் 26ஐ வீர் பால் திவஸ் என்று கொண்டாடுகிறது.

நவாப் தர்பார் காட்சி வந்தது. டிரைவர் படத்தை நிறுத்தினார். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ, அவருக்கே அந்த இடத்தில் நிற்க வேண்டியிருந்ததோ, தெரியாது. இங்கே ஒருத்தர் எழுந்திருப்பார், அவர் மாலேர்கோட்லா நவாப், முசல்மான், வாசிர் கான் ஆள், குருவோடு சண்டைக்கு வந்தவர், அவரைக் கவனியுங்கள் என்றார்.

ஷேர் முகமது கான். சீக்கிய மரபு அவரைப் பற்றிச் சொல்வது இது. அவருடைய தம்பி குருவின் படையோடு நடந்த சண்டையில் இறந்திருந்தார். வாசிர் கான் அவரைக் கூப்பிட்டு, இதோ உன் எதிரியின் பிள்ளைகள், உன் பழியைத் தீர்த்துக்கொள் என்கிறான். அவர் எழுந்து, என் பகை தகப்பனோடு, இந்தப் பச்சைக் குழந்தைகளோடு எனக்கென்ன என்று மறுக்கிறார். இது மார்க்கத்துக்கே விரோதம் என்கிறார். யாரும் கேட்கவில்லை. 'ஹா' என்று ஒரு கூக்குரலோடு தர்பாரைவிட்டு வெளியேறுகிறார். அதே தர்பாரில் சுச்சா நந்த் என்ற இந்து திவான், பாம்புக் குட்டியை விட்டால் பாம்பாகத்தான் வளரும் என்று நவாபைத் தூண்டிவிட்டவன் என்றும் அதே மரபு சொல்கிறது. இறந்த பிள்ளைகளை எரிக்க இடம் கேட்டபோது, பொற்காசைத் தரையில் பரப்பி அளந்து நிலம் வாங்கிக் கொடுத்தவராகத் தோடர் மல் என்ற வணிகரைச் சொல்கிறார்கள். குருவைத் தப்பவைத்துப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு போனவர்களாக நபி கான், கனி கான் என்ற பட்டாணியச் சகோதரர்களைச் சொல்கிறார்கள். யார் நம் ஆள், யார் எதிராள் என்று கோடு போட உட்கார்ந்தால் இந்தக் கதைக்குள் கோடு நிற்கவே நிற்காது. காட்டிக்கொடுத்தவன் வீட்டு ஆள், காப்பாற்றப் பார்த்தவர் சண்டைக்கு வந்த ஆள்.

ஷேர் முகமது கானை நல்லவர் என்று எழுதி மூடிவிடவும் முடியாது. தர்பாரைவிட்டு வெளியே வந்தாரே தவிர முகலாயர் பக்கத்தைவிட்டு அவர் வரவில்லை. குருவின் சீடராகவும் ஆகவில்லை. எதிரியாகவே இருந்தார். எதிரியாக இருந்துகொண்டே ஒரு விஷயத்துக்கு மாட்டேன் என்றார். எனக்கு அந்த மனிதர் பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான். கட்சி மாறி வந்தவரைப் பாராட்டுவது நமக்குச் சுலபம், நம் பக்கம் சரி என்பதற்கு அவர் ஒரு சாட்சியாகிவிடுகிறார். கட்சி மாறாமல் நியாயம் பேசியவரை என்ன செய்வது என்று பல கதைகளுக்குத் தெரிவதில்லை, விட்டுவிடுகின்றன. சீக்கியர்கள் விடவில்லை. 1710இல் சீக்கியப் படைத்தலைவர் பந்தா சிங் பகதூர் சப்பர்ச் சிரியில் வாசிர் கானைக் கொன்று சிர்ஹிந்தைப் பிடித்தார். மாலேர்கோட்லாவைத் தொடவில்லை என்பது வழக்கு. அந்தக் கூக்குரலின் பெயரிலேயே அந்த ஊரில் ஒரு குருத்வாரா இருக்கிறது.

பிறகு அந்த ஊருக்கும் சீக்கியருக்கும் இடையே எல்லாம் பாலும் தேனுமாக ஓடியதா என்றால், இல்லை. 1762இல் ஆப்கானிய மன்னன் அப்தாலியின் படை ஆயிரக்கணக்கான சீக்கியர்களை வெட்டிச் சாய்த்த பெரும் படுகொலை மாலேர்கோட்லாவுக்குப் பக்கத்துக் குப் கிராமத்தில்தான் தொடங்கியது. 1872 ஜனவரியில் நாம்தாரி சீக்கியர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை ஆங்கிலேயர் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டது அந்த ஊர் மைதானத்தில்தான். வெறுக்க வேண்டுமென்றால் காரணம் கைநிறைய இருந்தது. ஆனாலும் 1947இல் சுற்றுவட்டாரம் முழுக்க எரிந்தபோது, முஸ்லிம்கள் நிறைந்த அந்தச் சமஸ்தானத்துக்குள் படுகொலை நடக்கவில்லை. நவாபின் பட்டாளம், எல்லைக் காவல், அன்றைய அரசியல் என்று ஆய்வாளர்கள் பல காரணங்கள் சொல்வார்கள். அன்னா பிகெலோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த ஊரைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி 2010இல் வெளியிட்டார். ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான். அந்தக் குழந்தைகளுக்காக எங்கள் நவாப் பேசினார். பட்டாளமும் இருந்திருக்கும், அரசியலும் இருந்திருக்கும். ஒரு கதை தனியாக நின்று ஊரைக் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கையில் கத்தியை எடுத்தவனுக்குக் காரணம் தேவைப்படுவதுபோல, கீழே வைக்க நினைப்பவனுக்கும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. அதைக் கதை கொடுத்திருக்கிறது.

வருஷம் கொஞ்சம் போயிற்று. அண்ணன் மகள் வளர்ந்து கையில் போன் வந்துவிட்டது. ஒரு நாள் அதே படத்தின் துண்டு ஒன்று அவள் போனில் ஓடியது. செங்கல் ஏறுகிறது, பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார்கள், நவாப் உறுமுகிறான், பின்னணியில் யாரோ ஒட்டவைத்த முரட்டு இசை. முடிந்தது. ஷேர் முகமது கான் அதில் இல்லை. தோடர் மல் இல்லை. கங்குவும் சுச்சா நந்தும் இல்லை. சுவர் மட்டும் இருந்தது. கீழே மக்கள் என்னென்ன எழுதியிருந்தார்கள் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. இன்று ஏதோ ஒரு தெருவில் சைக்கிள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை நோக்கி எழுதப்பட்ட வசைகள் அவை. வாசிர் கான் செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

படமெடுப்பவர்களின் கவலையெல்லாம் புனிதரின் முகத்தைப் பற்றித்தான். 'நானக் ஷா ஃபகீர்' என்ற படம் 2015இல் வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு அடுத்த வருஷம் தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கீஸ் தத் தேசிய விருதும் வாங்கியது. 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திரையிடலாம் என்றது. சீக்கியரின் உச்ச சமய பீடமான அகால் தக்த் கூடாது என்றது. தயாரிப்பாளர் சமயத்திலிருந்தே விலக்கப்பட்டார். இதற்கெல்லாம் முன்பே, 1969இல், 'நானக் நாம் ஜஹாஸ் ஹை' என்ற படம் குருவைக் காட்டாமலே குருத்வாராக்களைக் காட்டி ஓடு ஓடென்று ஓடியது. தியேட்டர் வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் தலையை மூடிக்கொண்டு போனார்கள் என்று அந்தத் தலைமுறைக்காரர்கள் சொல்வார்கள். நம்மூரில் அம்மன் படத்துக்குத் தியேட்டரிலேயே சூடம் காட்டியவர்களுக்கு இது புரியும்.

குருவின் முகத்தை யார் காட்டலாம், எப்படிக் காட்டலாம் என்று இவ்வளவு வழக்கு, இவ்வளவு நுணுக்கம். நான் அதைக் குறை சொல்லவில்லை, அந்தக் கூச்சம் எனக்கு மரியாதையாகவே படுகிறது. எதிரியின் முகத்துக்கு மட்டும் ஒரு விதியும் இல்லை. அவன் புருவத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நெறிக்கலாம், கண்ணுக்கு எவ்வளவு மை வேண்டுமானாலும் பூசலாம், சிரிப்பை எவ்வளவு கோரமாக வேண்டுமானாலும் ஆக்கலாம். அதற்காக யாரும் கோர்ட்டுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. சித்தூரில் கொங்கன் தோற்கும்போது ஆரவாரிக்கும் கூட்டத்தில் நின்ற எனக்கு இது உறைத்தது. உறைக்காமலே போயிருக்கவும் கூடும், எங்கள் அப்பாரு அதே திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போய்ச் சந்தோஷமாகப் பொரிகடலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்தான். பகவதி யார் பக்கம் நின்றாலும் பகவதிதானே என்பது அவர் கட்சி. அவர் மனசு என்னுடையதைவிடப் பெரிசு என்பதைத் தவிர எனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை.

எதிரி வேடம் எனக்கு விழுந்தபோது இவ்வளவு யோசித்தேனே, என் வீட்டுக் கதையில் யாருக்கு அந்த வேடம் விழுந்திருக்கிறது?

கொங்குக்காரர்களின் பெரிய கதை அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள். நாங்கள் அதைக் கதை என்று நினைப்பதில்லை. அண்ணன்மார் சாமிக்குக் கோயில் இருக்கிறது, படுகளம் விழுகிறது, சாமி இறங்குகிறது. உடுக்கடிப் பாட்டாக ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர் உட்கார்ந்து அந்தப் பாட்டு முழுவதையும் டேப்பில் பதிவு செய்தார். பிற்பாடு அதையே 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் ஆக்கினார். பஞ்சாபிகள் பிள்ளைகளைக் கணினியில் வரைந்ததுபோல எங்கள் அண்ணன்மாரும் வரையப்பட்டுவிட்டார்கள். 2011இல் கலைஞர் எழுத்தை வைத்து 'பொன்னர் சங்கர்' என்று சினிமாவும் வந்தது.

அந்தக் கதையில் எதிரிகள் வேட்டுவர்கள். வேட்டுவக் கவுண்டர்கள் இன்றும் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், சக மனிதர்கள். பொள்ளாச்சிப் பக்கம் என் அம்மிச்சி ஊர் நோம்பியில் உடுக்கை முழங்க வேட்டுவப் படை வெட்டுப்படும்போது, கூட்டத்தில் நின்ற வேட்டுவ வீட்டுப் பையன் தன் சித்தப்பனிடம் என்ன கேட்டிருப்பான்? சின்ன வயசில் என்னோடு முன்வரிசையில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்ட கூட்டாளி ஒருவன் அந்த வீட்டுப் பையன். இதை நான் அவனிடம் கேட்டதே இல்லை. இன்றைக்கு ஐம்பது வயசில் போய்க் கேட்டால் சிரிப்பான் என்று நினைக்கிறேன். சிரித்துவிட்டுப் பதில் சொல்வானா என்பது வேறு விஷயம்.

கொங்குக்கு மட்டும் உள்ள கூத்து இல்லை இது. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையைச் சுவரில் ஓவியமாகத் தீட்டிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அப்படி நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் மேல்சித்தாமூர் மடத்தைத் தங்கள் மடமாகக் கொண்ட தமிழ்ச் சமணக் குடும்பங்கள் செஞ்சி, வந்தவாசிப் பக்கம் இன்றும் நெல் விதைத்துக்கொண்டிருப்பதில் சந்தேகம் இல்லை. அவர்களும் கோயிலுக்கு வந்து அந்தச் சுவரைப் பார்க்கக்கூடும்.

அண்ணன்மார் பாட்டில் ஒரு இடம் உண்டு. நான் கேட்ட பாட்டில் அது இப்படி வரும். தங்காள் கிளி வேண்டுமென்று ஆசைப்படுகிறாள். தங்கை கேட்டால் அண்ணன்மாருக்கு மறுபேச்சு ஏது? வேட்டுவர் காட்டுக்கு ஆள் போகிறது. ஜோடிக் கிளியில் ஒன்று பிடிபடுகிறது, மற்றது தப்பிப் பறக்கிறது. துணையை இழந்த கிளி வேட்டுவர் வீட்டுப் பெண்ணிடம் போய் அழுகிறது. அதற்குப் பிறகுதான் கொம்பன் பன்றி வருகிறது, வயலை அழிக்கிறது, வேட்டை, போர், படுகளம் எல்லாம். கடைசியில் அண்ணன்மார் வேட்டுவர் கத்தியால் சாவதில்லை, தங்கள் வாளில் தாங்களே விழுந்து சாகிறார்கள். உடுக்கைக்காரர் கிளி அழும் இடத்தில் உடுக்கையை அடிப்பதை நிறுத்திவிட்டு, வாரை மட்டும் இழுத்து இழுத்து ஒரு முனகல் எழுப்புவார். அம்மிச்சி அங்கேதான் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். கிளிக்காக அழுகிறாளா, பின்னால் சாகப்போகும் அண்ணன்மாருக்காகவா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்கு இன்று தெரிவது, எங்கள் சாமிகளை எங்கள் வாயாலேயே பாடிய யாரோ ஒருவர், முதல் அநியாயம் எங்கள் பக்கத்தில் நடந்தது என்பதை மறைக்காமல் பாட்டில் வைத்திருக்கிறார். எதிரிக்கும் ஒரு தங்கை இருந்தாள், அவளிடம் ஒரு கிளி வந்து அழுதது என்று வைத்திருக்கிறார். சாமி அதனால் சின்னதாகிவிடவில்லை. படுகளத்தில் சாமி இறங்கத்தான் செய்கிறது.

மாலேர்கோட்லா நவாபும் இந்தக் கிளியும் கதையில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இருவரும் இல்லாமலே கதை நடக்கும். சுவர் எழும்பும், பன்றி வரும், வீரம் வீரமாகவே இருக்கும். அதனால்தான் நேரமில்லை என்று கதையைச் சுருக்க உட்காருகிறவன் கத்தரி முதலில் அங்கே போகிறது. அவனுக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, நேரமில்லை என்பதே போதும். போனில் வந்த துண்டைச் செய்தவனும் ஒருவேளை அவ்வளவுதான் நினைத்திருப்பான். கொங்கன் படைக் கதையிலும் இப்படி ஏதாவது ஒன்று இருந்து கழன்று விழுந்ததா என்று சித்தூரில் வயசான ஒன்றிரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். கொங்கனுக்கு என்ன கோபம், ஏன் வந்தான் என்று கேட்டேன். வியாபாரத்தில் ஏதோ தகராறு என்றார் ஒருவர். அவன் கொங்கன், வராமல் என்ன செய்வான் என்றார் இன்னொருவர். என் பேச்சில் என் ஊரைக் கண்டுபிடித்ததும் இரண்டாமவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்த வருஷம் அம்மிச்சி ஊர் நோம்பிக்குக் கமிட்டி கூடியது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்று சட்டம், போலீஸும் இப்போதெல்லாம் கண்டிப்பு. ராத்திரி ராத்திரியாகப் பாடிய பாட்டை ஒரு சாயங்காலத்துக்குள் அடக்க வேண்டும். இளவட்டங்கள் வீடியோ எடுத்துப் போடவும் அது தோதுப்படும் என்றார்கள்.

"கிளியை விட்டுட்டுப் பன்றியில இருந்து எடுத்துட்டா சரியாப் போயிருமுங்க" என்றார் கணக்குப் பார்க்கிறவர்.

நான் பேச்சில் குறுக்கிட்டேன். அக்கா மகன் வழியில் வந்தவன், அதுவும் கேரளாக்காரன், கமிட்டியில் எனக்கு இடமில்லைதான். இருந்தாலும் மாமன் முறையுள்ள இரண்டு பேர் இருந்ததால் விட்டார்கள். கிளி இல்லாவிட்டால் பன்றி எதற்கு வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்றேன். யாருங்க மாப்ள கேக்கறாங்க இப்ப என்றார் ஒரு மாமா. உடுக்கைக்காரர் அதுவரை வாய் திறக்கவில்லை. வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "கிளிக்கு அரை மணி நேரம் வேணுமுங்க. அதுக்குக் கொறைச்சா எனக்குப் பாட வராது" என்றார்.

அப்படியானால் கல்யாணப் பகுதியைச் சுருக்கலாமா என்று பேச்சுத் திரும்பியது. தர்மகர்த்தா உடனே கையை விரித்தார். கல்யாணப் பாட்டை வெட்டினால் பொம்பளைகள் விளக்குமாற்றோடு வருவார்கள், சமாளிக்க அவரால் ஆகாது என்றார். அண்ணன்மாரின் அப்பன் குன்னுடையான் கதையில் கொஞ்சம் குறைக்கலாம், வரவேற்புரையை ஒழிக்கலாம், எம்எல்ஏ வருவதாக இருந்தால் அவருக்குக் கால் மணி நேரம் வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி கூடுகிறார்கள். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.